மருந்துக்கு அடங்காத நாய்க் காதுப் புண்: முதல்ல இதத் தெரிஞ்சுக்கோங்க

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல நாய் வளக்கிறவங்களுக்கு காதுப் பிரச்சினை புதுசு இல்ல. ஆனி ஆடிச் சாரல்னு ஒரு மழை, ஐப்பசி கார்த்திகைன்னு இன்னொரு மழை, நடுவுல கடக்காத்தோட ஈரம், ஆக வருசத்துல முக்கால்வாசி நாளு காது தொங்குற நாய்ங்களுக்கு காதுக்குள்ள சரியா காயுறதே இல்ல. லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், காக்கர் ஸ்பேனியல் வச்சிருக்கிறவங்க யார்ட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க. நாய் தலைய ஆட்டிக்கிட்டே இருக்கும், பின்னங்காலால காதச் சொறியும், கிட்ட போனா ஒரு கெட்ட வாடை. மாட்டாஸ்பத்திரிக்கு கொண்டு போனா ஒரு ஊசி, ஒரு சொட்டு மருந்து. வாடை போயிரும். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடியும் அதே கதை, மறுபடியும் அதே பாட்டில், அப்புறம் ஒரு கட்டத்துல எந்த மருந்து ஊத்தினாலும் ஒண்ணும் நடக்காது. அப்பதான் "மருந்து பழகிப் போச்சு, இனி கூடின மருந்தா எழுதுங்க டாக்டரே"ங்கிற பேச்சு வரும்.

இந்தப் பேச்சுல ஒரு தப்பு இருக்கு, அத முதல்ல சரி பண்ணிக்கணும். பழகிப் போறது நாயோட உடம்பு இல்ல, காதுக்குள்ள இருக்கிற பாக்டீரியா. கோடிக்கணக்கான பாக்டீரியாவுல ஒண்ணு ரெண்டு மட்டும் ஏதோ ஒரு ஜீன் மாத்தத்தால அந்த மருந்தத் தாங்குற மாதிரி ஏற்கெனவே இருக்கும், மருந்து ஊத்தினா மத்ததெல்லாம் செத்துரும், இது மட்டும் மிஞ்சும், எதிரியே இல்லாத இடத்துல நல்லா பெருகும். சில கிருமிங்க இந்த ஜீனைப் பக்கத்துல இருக்கிற வேற கிருமிக்கும் கைமாத்தி விட்டுரும். இதத்தான் ஆன்டிபயாடிக் ரெசிஸ்டன்ஸ்னு சொல்றாங்க. வாடை போனதும் மருந்த நிப்பாட்டுறது, போன வருச பாட்டில்ல மிச்சம் இருந்தத ஊத்துறது, ரெண்டே ரெண்டு சொட்டு விட்டு திருப்திப் படுறது, இப்படி அரைகுறையா பண்ற ஒவ்வொரு தடவையும் நாம பலவீனமான கிருமியக் கொன்னுட்டு பலமானதுக்கு இடம் விட்டுக் குடுக்கோம்.

நாய்க் காதுல தொல்லை பண்றதுல முக்கியமா ரெண்டு பாக்டீரியா பேர தெரிஞ்சு வச்சா போதும். ஒண்ணு ஸ்டெஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ், இது நாயோட தோல்ல சாதாரணமாவே குடியிருக்கிறது, தோல் நல்லா இருக்கிற வரை தொந்தரவு இல்ல. இதுல மெதிசிலின்ங்கிற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஒரு வகை இருக்கு, அது வந்தா அமாக்சிசிலின், செஃபலெக்சின் மாதிரி அந்தக் குடும்பத்து மருந்து எதுவும் வேலைக்கு ஆகாது. இன்னொண்ணு சூடோமோனாஸ் ஏருஜினோசா. இதுதான் பெரிய ஆளு. இது தண்ணியில, ஈர மண்ணுல, குளத்துல, கால்வாய்ல எங்கயும் இருக்கும். இதுக்கு சில மருந்துகளத் தாங்குற சக்தி பிறவியிலேயே உண்டு, அமாக்சிசிலின், செஃபலெக்சின், கிளிண்டமைசின் இதெல்லாம் இதுகிட்ட எப்பவுமே எடுபட்டது கிடையாது. உள்ள போற மருந்த பம்ப் போட்டு வெளிய தள்ளுற அமைப்பே இதோட செல்லுல இருக்கு. 2017-ல உலக சுகாதார நிறுவனம் புது மருந்து அவசரமா தேவைப்படுற கிருமிங்கன்னு ஒரு பட்டியல் போட்டப்போ, கார்பபெனெம்ங்கிற வீரியமான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத சூடோமோனாஸ மேல் வரிசையில வச்சாங்க. மனுசங்க ஐசியூல பயப்படுற அதே கிருமி வகைதான் நம்ம வீட்டு நாய் காதுலயும் வருது, அதனால இத சின்ன விசயம்னு விடாதீங்க. இது போக மலசேசியான்னு ஒரு ஈஸ்ட் பூஞ்சையும் உண்டு, அதுக்கு ஆன்டிபயாடிக்கே வேல செய்யாது. காதுல பூஞ்சை இருக்கிற நாய்க்கு மாசக்கணக்கா வெறும் ஆன்டிபயாடிக் ஊத்தினா என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

இப்போ காதோட அமைப்பு. நம்ம காது ஓட்டை நேரா உள்ள போகும், அதுவும் ரெண்டரை சென்டிமீட்டர் அளவுதான். நாய்க்கு அப்படி இல்ல, முதல்ல கீழ்நோக்கி செங்குத்தா இறங்கும், அப்புறம் மடங்கி படுக்கைவாக்குல தலைக்குள்ள போகும், அந்தக் கடைசியிலதான் செவிப்பறை. பெரிய நாய்ங்களுக்கு இது நம்மளோடத விட ரெண்டு மூணு மடங்கு நீளம். அந்த மடக்குல தண்ணியும் அழுக்கும் தங்கும், வெளிய வர வழி இல்ல. நல்லா இருக்கிற காதுல செவிப்பறையில இருந்து தோல் பைய வெளிப்பக்கமா நகந்துக்கிட்டே இருக்கும், அதோட அழுக்கும் தானா வெளிய வந்துரும், அதாவது காது தன்னத்தானே சுத்தம் பண்ணிக்கும். வீக்கம் வந்துட்டா இந்த நகர்வு நின்னுபோகும். அப்புறம் நாமதான் சுத்தம் பண்ணணும், ஆனா பட்ஸ் விட்டுக் குடையக்கூடாது, அது அழுக்க மடக்குக்குள்ள இன்னும் தள்ளி இறுக்கிரும்.

இதுல பலபேரு கவனிக்காத விசயம் ஒண்ணு இருக்கு. பாக்டீரியாவும் பூஞ்சையும் தானா வந்து காதுல உக்காருறதில்ல, காத அதுக்குத் தோதா ஆக்கிக் குடுக்கிற இன்னொரு காரணம் பின்னாடி இருக்கும். நாள்பட்ட காதுப் புண்ணுல முக்காவாசி அலர்ஜிதான் அடிப்படை, சாப்பாட்டு அலர்ஜி, இல்லன்னா தூசி, பூஞ்சை வித்து, செள்ளு இந்த மாதிரி சுத்துப்புற அலர்ஜி. ரெண்டு காதும் சேந்து போகுதா, நாய் பாதத்த நக்கிக்கிட்டே இருக்கா, கக்கத்துலயும் வயித்துலயும் சிவந்திருக்கா, அப்போ அலர்ஜியப் பத்தி டாக்டர்கிட்ட கண்டிப்பா கேளுங்க. ஒரு காது மட்டும் திடீர்னு போச்சுன்னா புல்லு, விதை மாதிரி ஏதாவது உள்ள போயிருக்கலாம், இல்ல உள்ள கட்டி வளந்திருக்கலாம். குட்டி நாய்க்கு காபித்தூள் மாதிரி கறுப்பா உதிர்ந்தா காது உண்ணியா (இயர் மைட்ங்கிற பொடிப் பூச்சி) இருக்கலாம். வயசான நாயி, எடை கூடி, முடி கொட்டி, சோர்ந்து கிடந்தா தைராய்டு குறைவா இருக்கலாம். இந்தக் காரணத்தப் பிடிக்காம சூடோமோனாஸ மட்டும் கொன்னுக்கிட்டு இருந்தா அது போகும், இன்னொண்ணு வரும். மருந்து கேக்கலன்னு நாம நெனைக்கிற பல கேஸ்ல மருந்து கேட்டுத்தான் இருக்கு, அலர்ஜிதான் அப்படியே இருக்கு.

சரி, ஆஸ்பத்திரியில என்ன கேக்கணும்? முதல் வேல ஸ்மியர். பஞ்சுக் குச்சியில காதுல இருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடித் துண்டுல உருட்டித் தேச்சு, காயவச்சு, சாயம் முக்கி, மைக்ராஸ்கோப்புல பாப்பாங்க. பத்துப் பதினஞ்சு நிமிசத்துக்குள்ள முடிஞ்சிரும். ஒருவாட்டி டாக்டர் அனுமதிச்சா நீங்களும் அதுல கண்ண வச்சுப் பாருங்க, ஊதா நிறத்துல குட்டி குட்டி உருண்டையா கொத்தா தெரிஞ்சா ஸ்டெஃபைலோகாக்கஸ் பக்கம், குச்சி குச்சியா தெரிஞ்சா சூடோமோனாஸ் மாதிரி ஆளுங்க, கொஞ்சம் பெருசா நிலக்கடலை வடிவத்துல இருந்தா மலசேசியா. கூடவே கிழிஞ்ச மாதிரி பெரிய செல்லுங்க கிடக்கும், அது கிருமியோட சண்டை போட்டு செத்த வெள்ளை அணு, அதுதான் சீழ். இந்த ஒரு ஸ்மியர் பாக்காம காதுக்கு மருந்து எழுதுறது எனக்கு உடன்பாடு இல்ல. ஆரம்பத்துலயும் பாக்கணும், மருந்து நிப்பாட்டுறதுக்கு முன்னாடியும் பாக்கணும், ஏன்னா வெளிய பாக்க சுத்தமா இருக்கிற காதுல உள்ள குச்சிக் கிருமி அப்படியே இருக்கலாம்.

குச்சிக் கிருமி தெரிஞ்சாலோ, ஒழுங்கா மருந்து ஊத்தியும் ரெண்டு மூணு வாரத்துல குறையலன்னாலோ அடுத்தது கல்ச்சர் அண்ட் சென்சிட்டிவிட்டி டெஸ்ட். கிருமிய லேப்ல வளத்து, எந்த மருந்துக்கு சாகுது எதுக்கு சாகலன்னு பாக்கிறது. ரிப்போர்ட் வர சில நாள் ஆகும். அதுல ஒவ்வொரு மருந்துக்கு நேரா எஸ், ஐ, ஆர்னு போட்டிருக்கும், எஸ்ன்னா கேக்கும், ஆர்ன்னா கேக்காது, ஐன்னா ரெண்டுக்கும் நடுவுல. முழுக்க ஆரா வந்துட்டா வீட்டுல எல்லாரும் இடிஞ்சு போயிருவாங்க. இங்கதான் இந்தக் கட்டுரையில நான் சொல்ல வந்த முக்கியமான விசயம் இருக்கு, கொஞ்சம் நிதானமா படிங்க.

அந்த ஆர் எழுதுறது ரத்தத்துல மருந்து எவ்வளவு சேரும்ங்கிற கணக்க வச்சு. மாத்திரையோ ஊசியோ குடுத்தா என்ரோஃப்ளாக்சசின் மாதிரி மருந்து நாய் ரத்தத்துல ஒரு மில்லிக்கு ஒண்ணு ரெண்டு மைக்ரோகிராம் அளவுலதான் சேரும், அந்த அளவுக்கு கிருமி சாகலன்னா ரிப்போர்ட்ல ஆர். ஆனா காதுல ஊத்துற சொட்டு மருந்து வேற கணக்கு. 0.3 சதவீத சொட்டு மருந்துன்னா ஒரு மில்லியில 3 மில்லிகிராம், அதாவது 3000 மைக்ரோகிராம். ரத்தத்துல சேருறத விட ஆயிரம் மடங்குக்கும் மேல. ரத்த அளவுக்கு அடங்காத கிருமி இந்த அளவுக்கு அடங்க நிறைய வாய்ப்பு இருக்கு. அதனால ரிப்போர்ட்ல ஆர்னு வந்த மருந்தே சரியான விதத்துல காதுல ஊத்தினா பலன் குடுக்கிறது உண்டு. இதே காரணத்தால வெளிக்காதுப் புண்ணுக்கு "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டரே"ன்னு கேக்கிறதுல பெருசா அர்த்தமில்ல, ரத்தம் வழியா போற மருந்து காதுக் குழாயில கிடக்கிற சீழுக்குள்ள போதுமான அளவு போய்ச் சேராது, ஆனா குடலுலயும் தோல்லயும் இருக்கிற கிருமிங்களுக்கு மருந்தப் பழக்கி விட்டுரும். வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி மாத்திரை குடுக்கிறது வேற, அது பல நேரம் தேவைப்படும், காது அடைஞ்சு போயிருந்தா சொட்டு மருந்து உள்ள இறங்க வழி வேணும்ல.

ஆனா ஆயிரம் மடங்கு மருந்து ஊத்தியும் கேக்காம போகுதே, ஏன்? மருந்து கிருமியத் தொடுறதே இல்ல, அதான். சூடோமோனாஸ் தன்னச் சுத்தி ஒரு பிசுபிசுப்பான படலத்த உருவாக்கிக்கும், பயோஃபிலிம்னு பேரு, நம்ம ஊர் குளத்துப் படிக்கட்டுல மழைக்காலத்துல படியிற வழுக்குப் பாசி மாதிரி ஒட்டிக்கிட்டு கிடக்கும், மேல எவ்வளவு தண்ணி ஓடினாலும் அது பாட்டுக்கு இருக்கும். காதுல இருந்து கறுப்பா, இல்ல பச்சையா, வழுவழுன்னு நூலு மாதிரி இழுபடுற கழிவு வந்தா இந்தப் படலம் இருக்குன்னு சந்தேகப்படலாம். இதுக்கு மேல சீழும் கிடந்தா ஜென்டாமைசின், பாலிமிக்சின் மாதிரி மருந்தோட வீரியத்த அந்தச் சீழே குறைச்சுப்போடும். ஆகவே கழுவாம ஊத்துற மருந்து பாதி வீண். புது மருந்து தேடி ஓடுறதுக்கு முன்னாடி காதக் கழுவுங்க, இதத்தான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.

முதல் கழுவல் ஆஸ்பத்திரியில நடக்கணும். வலி இருக்கிற நாய் முழிச்சிருந்தா விடாது, மயக்கம் குடுத்து, மெல்லிய குழாய் விட்டு, வெதுவெதுப்பான சலைன் ஊத்தி உறிஞ்சி உறிஞ்சி எடுப்பாங்க. அப்பதான் செவிப்பறை முழுசா இருக்கா கிழிஞ்சிருக்கான்னும் பாக்க முடியும். இது ரொம்ப முக்கியம், கிழிஞ்சிருந்தா சில மருந்துங்க உள்காதுக்குப் போய் கேக்கிற சக்தியையே கெடுத்துரும், ஜென்டாமைசின் குடும்பமும் அதிக வீரியமுள்ள குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினியும் அந்த வகை.

அப்புறம் வீட்டுல. ட்ரிஸ் ஈடிடிஏன்னு ஒரு கழுவு திரவம் இருக்கு, டாக்டர்கிட்ட பேரச் சொல்லிக் கேளுங்க. இது ஆன்டிபயாடிக் இல்ல, சூடோமோனாஸோட வெளிச்சுவரக் கட்டிப்பிடிச்சிருக்கிற கால்சியம் மக்னீசியத்த உருவி எடுத்துரும், சுவரு ஓட்டையாகி பின்னால வர்ற மருந்து உள்ள நுழையும். இதால ஏற்கெனவே கேக்காம போன மருந்து கூட கேக்க ஆரம்பிக்கலாம். படலத்த உடைக்க என்-அசிட்டைல்சிஸ்டீன்னு இன்னொண்ணும் சில டாக்டருங்க சேப்பாங்க.

ஊத்துற விதம் இப்படி. காது மடலப் பிடிச்சு மேல் பக்கமா லேசா இழுங்க, அந்த மடக்கு கொஞ்சம் நேராகும். திரவத்த ரெண்டு சொட்டு விடாதீங்க, குழாய் நிரம்புற அளவு ஊத்துங்க. காதோட அடியில, தாடை தொடங்குற இடத்துல விரல வச்சா கட்டியா ஒரு குழாய் தட்டுப்படும், அத அரை நிமிசம் பைய அமுக்கி அமுக்கி விடுங்க, சளக் சளக்னு சத்தம் கேக்கும், அது கேட்டாத்தான் திரவம் அடிவரை போயிருக்கு. கைய எடுத்ததும் நாய் தலைய ஆட்டும், ஆட்டட்டும், அழுக்கு அப்பதான் மேல வரும், சுவத்துல தெறிக்கும் அதனால முற்றத்துல வச்சு செய்யுங்க. விரல் போற தூரம் மட்டும் பஞ்சால துடைங்க. அப்புறம் கால்மணியிலிருந்து அரைமணி நேரம் விட்டு ஆன்டிபயாடிக் சொட்டு. அதுலயும் அளவு குறையக்கூடாது, லேப்ரடார் அளவு நாய்க்கு ஒரு காதுக்கு அரை மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை தேவைப்படலாம், டாக்டர்கிட்ட மில்லியில எழுதி வாங்கி, ஊசி இல்லாத சிரிஞ்சுல அளந்து விடுங்க. பாட்டில் மூக்கு காதுல பட்டா துடைச்சு வைங்க, இல்லன்னா சூடோமோனாஸ் அந்தப் பாட்டிலுக்குள்ளயே குடியேறிரும். எத்தன நாளுன்னா, சாதாரண புண்ணுக்கு ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம், நாள்பட்ட சூடோமோனாஸுக்கு அதுக்கும் மேல, சில நேரம் மாசக்கணக்கு. ஸ்மியர் சுத்தம்னு டாக்டர் சொல்ற நாள்தான் முடிவு நாள்.

நம்ம பக்கம் வீட்டுல இருக்கிற பெரியவங்க பாசத்துல தேங்கா எண்ணெய காச்சி பூண்டு போட்டு ஊத்தச் சொல்லுவாங்க, சிலபேரு துளசிச் சாறு, மஞ்சள். அவங்க மனசு நல்லதுதான், ஆனா எண்ணெய் அந்த மடக்குல தங்கிரும், மலசேசியாவுக்கு கொழுப்புன்னா தீனி. கற்பூரம் கலந்த எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாய் நக்கினா விஷம். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் புண்ணுக்கு மேல புண்ணாக்கும். வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலம் சூடோமோனாஸக் கொல்லும்ங்கிறது உண்மைதான், ஆனா புண்ணான காதுல ஊத்தினா நாய் துடிச்சுப் போகும், செவிப்பறை கிழிஞ்சிருந்தா இன்னும் மோசம், டாக்டர் சொல்லாம வேண்டாம். மெடிக்கல்ல போய் "நாய்க்கு காதுல ஊத்த ஏதாவது குடுங்க"ன்னு வாங்கிட்டு வர்ற மனுசச் சொட்டு மருந்தும் இதே கணக்குத்தான். எல்லைக்கு அந்தப்பக்கம் கேரளாவுல 2024-ல ஆபரேஷன் அம்ரித்னு ஆரம்பிச்சு சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் விக்கிற கடைங்கள சோதனை போட ஆரம்பிச்சாங்க. களியக்காவிளை தாண்டினா கிடைக்காது இங்க கிடைக்கும்னு வாங்காதீங்க, கேடு நமக்குத்தான், அந்த நாயக் கட்டிப்பிடிச்சுப் படுக்கிறது நம்ம பிள்ளைங்க. மருந்து ஊத்தினதும் சோப்புப் போட்டு கை கழுவுங்க, வீட்டுல சர்க்கரை நோயாளியோ கீமோ எடுக்கிறவங்களோ இருந்தா அவங்கள அந்தக் காது பக்கம் விடாதீங்க.

எவ்வளவு செஞ்சும் தீராத கேஸும் இருக்கு. நாள்பட்ட காதுப் புண்ணுல பாதிக்கு மேல நடுக்காதுக்கும் போயிருக்கும், அங்க கிருமி ஒளிஞ்சிருந்து வெளிக்காதுக்கு திரும்பத் திரும்ப வரும். தலை ஒருபக்கம் சாஞ்சே இருக்கு, நடக்கும்போது தள்ளாடுது, வாயத் தொறக்க கத்துது, முகம் ஒருபக்கம் தொங்குதுன்னா அன்னைக்கே கொண்டு போங்க, காத்திருக்காதீங்க. ஸ்கேன் எடுக்க, பெரிய ஆபரேஷன் பண்ண நமக்கு கிட்ட இருக்கிறது திருநெல்வேலி ராமையன்பட்டியில இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி, அங்க முதல்ல விசாரிங்க, மார்த்தாண்டம் களியக்காவிளை பக்கம் இருக்கிறவங்களுக்கு திருவனந்தபுரமும் பக்கம்தான். வருசக்கணக்கா வீங்கி வீங்கி காதுக் குழாய் எலும்பு மாதிரி கெட்டியாகி அடைஞ்சே போயிருந்தா, அந்தக் குழாய முழுசா எடுத்து நடுக்காதச் சுத்தம் பண்ற ஆபரேஷன்தான் வழி. கேக்கிற சக்தி பெருமளவு போயிரும், முகத்து நரம்புக்கும் ஆபத்து இருக்கு, சின்ன விசயம் இல்ல. ஆனா வருசக்கணக்கா வலியில கிடந்த நாயி அதுக்கப்புறம்தான் நிம்மதியா தூங்குதுன்னா அதத் தள்ளிப்போடுறது நியாயம் இல்ல.

அலர்ஜின்னு சந்தேகம்னா சாப்பாட்டு டெஸ்ட் எட்டு வாரம், இதுவரை தின்னாத ஒரு புரதம் மட்டும், நடுவுல ஒரு மீன் முள்ளு கூட கூடாது. நம்ம வீடுகள்ல மீன் இல்லாத நாளு கஷ்டம்தான், குழம்பு வச்ச சட்டிய நக்க விடாம பாத்துக்கணும், வீட்டுல எல்லாருக்கும் சொல்லி வைக்கணும், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சேத்து. புண் ஆறுற வரை கால்வாய், குளம், கடல் எதுலயும் இறக்க வேண்டாம். ஆறினதுக்கப்புறம் திற்பரப்புலயோ சங்குத்துறையிலயோ குளிக்க விட்டாலும், வீட்டுக்கு வந்ததும் டாக்டர் சொன்ன காது கிளீனர் விட்டு, ஆட்ட விட்டு, துடைச்சு, காது மடல மேல புரட்டிப் போட்டு கொஞ்ச நேரம் காத்து படவைங்க. மழை மாசத்துல வாரம் ஒருக்கா காதுகிட்ட மூக்கக் கொண்டுபோய் மோந்து பாருங்க, வாடை மாறிச்சுன்னா பழைய பாட்டிலத் தேடாம ஸ்மியருக்குக் கொண்டு போயிருங்க.